செம்மொழியின் நூற்றிருபது அடி

எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, செல்போனில் மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பார்கள். பட்டுக்கோட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவே கல்லணைக் கால்வாயின் கடைசிக் கிளையில் இருக்கிற ஊர் எங்களுடையது. மேலே இருக்கிறவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் மீதி இருந்தால்தான் எங்களுக்கு. அதனால் மேட்டூரில் மட்டம் இறங்கினால் முதலில் காய்வது எங்கள் வயல்.

எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு மட்டம் பார்ப்போம். ஒன்று மேட்டூர். இன்னொன்று என் மனைவி செம்மொழியின் அணை. அந்த அணை அவளுடைய செல்போனுக்குள் இருந்தது. அவள் ஆன்லைனில் காசு வைத்துப் போக்கர் ஆடினாள்.

முகம் சுளிக்கிறீர்கள் என்று தெரியும். நானும் சுளித்தவன்தான். பக்கத்துத் தெருவில் ஒருவர் செல்போனில் ரம்மி ஆடி டிராக்டரையே விட்டார். அதைப் பார்த்த பிறகு சீட்டுப் படம் போட்ட விளம்பரம் வந்தால்கூட டிவியை அணைக்கிற ஆள் நான். என் வீட்டிலேயே ஒருத்தி ஆட உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

அவள் ஏன் உட்கார்ந்தாள் என்பதற்கு ஜிமிக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை. என் அப்பா வீரையன் அதே வயலில் கூலிக்கு நின்றவர். நான் குத்தகைக்காரனாக நிற்கிறேன். சம்பா ஒரு போகம்தான் எங்களுக்கு உறுதி. உழவு, விதை, நடவுக் கூலி, உரம், களை, அறுப்பு மெஷின் என்று ஒரு சம்பாவுக்கு அறுபதாயிரம் ரூபாய் இறங்கும். அந்த அறுபதாயிரம் செம்மொழியின் காதிலிருந்து வரும். அவள் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட தோடும் ஜிமிக்கியும் ஒன்றரைப் பவுன். நடவுக்கு முன்னால் அது பேங்கில் நகைக்கடனுக்குப் போகும். அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறிய பிறகு மாசியில் திரும்பி வரும். நடுவில் தீபாவளியும் பொங்கலும் வந்து போய்விடும். கவரிங் போட்டால் அவளுக்குக் காது புண்ணாகும். அதனால் வேப்பங்குச்சியை ஒடித்துத் துளையில் செருகிக்கொள்வாள். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான். பொங்கல் அன்று எடுத்த போட்டோக்களைப் பாருங்கள், புதுச் சேலையும் வேப்பங்குச்சியுமாக நிற்பார்கள்.

கல்யாணமானதிலிருந்து அதுவரை நடவு வயலில் அவள் காதில் தங்கத்தை நான் பார்த்ததில்லை. அது எனக்கு வெட்கமாக இருக்கும். வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், அது என் பிறவிக் குணம்.

செம்மொழி பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். அதிராம்பட்டினத்தில் மூஸா பாயின் டிராவல்ஸில் வேலை. துபாய்க்கும் சவுதிக்கும் போகிறவர்களுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பாள். மதியத் தொழுகைக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் கடையைத் திறப்பார்கள். அந்த நேரத்தில் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

2024 பொங்கலுக்கு அவள் தம்பி இனியவன் பெங்களூரிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் கூடத்து மூலையில் செல்போனோடு உட்கார்ந்தவன், எழுந்திருக்கும்போது செத்த முகமாக எழுந்தான். ஒரு மாதச் சம்பளம் போக்கரில் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அக்காக்காரி.

"ஏன்டா, ஆட்டம் நல்லாத்தானே ஆடுன? கையில இருந்ததை மொத்தமா ஏன்டா ஒரே தடவையில வச்ச?"

"அந்தச் சீட்டுக்கு அப்படித்தான்க்கா வைக்கணும். ஜெயிக்க வேண்டியது. கடைசிச் சீட்டுல போயிடுச்சு."

"கடைசிச் சீட்டுல போகும்னு தெரியும்ல? அப்ப போனா மறுபடி ஆடறதுக்குக் கையில வேணாமா?"

"அதுக்குப் பேங்க்ரோல்னு பேரு. ஆடறதுக்குன்னே தனியா ஒரு பணம் வச்சுக்கணும், அதுல கொஞ்சூண்டுதான் ஒரு டேபிளுக்குக் கொண்டு போகணும். எல்லாருக்கும் தெரியும்க்கா. யாரு செய்யறா?"

அவன் சலிப்பாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான். இவள் மறுநாள் அவனை விடவில்லை. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, எப்போது பந்தயம் கட்டுவது, எப்போது அந்த ஆட்டத்தை விட்டுச் சீட்டை மடக்கி வைப்பது என்று துருவித் துருவிக் கேட்டாள். அவன் ஊருக்குப் போன பிறகு, ஏலச்சீட்டு எடுத்த பணம் பத்தாயிரத்தை என் முன்னால் வைத்தாள். மாதச் சீட்டு, அவள் சம்பளத்தில் கட்டியது. நான் குதித்தேன். நான் குதித்து முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"இது என் பணம். இது போனா ஆட்டம் அதோட முடிஞ்சுது. வீட்டுக் காசுல ஒத்த ரூபாய் எடுக்க மாட்டேன். நம்ம சம்பாச் செலவு அறுபதாயிரம். அது சேர்ந்துச்சுன்னா இந்தத் தோடு காதுலயே இருக்கும்ங்க. ஒரு சம்பாவாவது இருக்கட்டுமே."

ஜிமிக்கியைச் சொன்ன பிறகு நான் அந்தப் பணத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டேன்.

அறுபதாயிரத்தை நூற்றிருபதால் வகுத்தாள். மேட்டூர் நிறைந்தால் நூற்றிருபது அடி. அதனால் அவளுக்கு ஐநூறு ரூபாய் ஓர் அடி. பத்தாயிரத்தோடு தொடங்கியபோது அவள் அணையில் இருபது அடித் தண்ணீர். தொண்ணூறு அடிக்குக் கீழே இருக்கும்வரை ஓர் அடி டேபிளில்தான் உட்கார வேண்டும், அதாவது ஒரு தடவைக்கு ஐநூறு ரூபாய்க்கு மேல் வைக்கக் கூடாது. தொண்ணூறைத் தாண்டினால் இரண்டு அடி டேபிள். டெல்டாக்காரர்களுக்குத் தொண்ணூறு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் அது இருந்தால்தான் குறுவைக்குத் திறப்பார்கள். ஐந்து அடி டேபிள் என்று ஒன்று இருந்தது, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இறங்கிவிட்டதே என்று குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதும், அதாவது வெளிக்காசு போடுவதும் இல்லை. வரிக்குப் போகிற பணத்தை ஆவியாகிற தண்ணீர் என்று முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் மட்டம் சொல்வாள்.

மூஸா பாய் கடையில் அவள் ஒரு நாளும் ஆடியதில்லை. அவர்கள் மார்க்கத்தில் சூது ஆகாது, அவர் சோற்றைத் தின்றுகொண்டு அவர் கூரைக்குக் கீழே அதைச் செய்யக் கூடாது என்றாள். மதியம் வீட்டுக்கு வருகிற நேரத்தில்தான். மடியில் தட்டு, ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்த செல்போன். பெரும்பாலும் சீட்டை மடக்கி மடக்கித்தான் வைப்பாள். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும்.

"ஏன் செம்மொழி, ஆடத்தானே உட்கார்ந்திருக்க?"

"கொக்கு நிக்கறதைப் பார்த்து நீங்க இப்படிக் கேப்பீங்களா?"

அந்த வைகாசிக்குள் எழுபத்திரண்டு அடி வந்துவிட்டது. எனக்கே நம்பிக்கை வந்தது. காலையில் காபியோடு "எத்தனை?" என்று கேட்கப் பழகிவிட்டேன்.

அப்புறம் ஜூன் பன்னிரண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் இந்தத் தேதி உடம்பில் ஊறியது. மேட்டூர் திறக்கும் நாள். அந்த வருஷம் மேட்டூரில் நாற்பத்திச் சொச்சம் அடிதான் இருந்தது, திறக்கவில்லை. டீக்கடையில் எல்லாரும் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நானும் வீட்டுக்கு வந்து கர்நாடகத்தைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன், கடைசியில் குழம்பில் உப்பில்லை என்று இவளையும் திட்டினேன். அவளைப் போய் ஆடு என்று நான் சொல்லவில்லை. இது சத்தியம்.

மதியம் அவள் ஐந்து அடி டேபிளில் உட்கார்ந்தாள். தொண்ணூறு அடி இல்லை. ஐந்து அடி டேபிளுக்கு அந்தத் தொண்ணூறும் போதாது. கணிதம் படித்தவள், தானே போட்ட சட்டம். ஆனாலும் தேதி வந்துவிட்டது, மேட்டூர்தான் ஏமாற்றிவிட்டது, நம்முடையதாவது திறக்கட்டும் என்று கை தானாகப் போயிருக்கிறது. வேறு ஊரில் பிறந்திருந்தால் அன்றைக்கு அவளுக்கு அது சாதாரணப் புதன்கிழமையாக இருந்திருக்கும்.

முதல் நாள் ஜெயித்தாள். அதுதான் கேடு. மூன்றாம் நாள் கையில் ஜோடி ராஜா. டேபிளுக்குக் கொண்டு போன ஐந்தடி மொத்தத்தையும் வைத்தாள், எதிராளியும் வைத்தான். கடைசிச் சீட்டில் ஏஸ் விழுந்து அவனுக்கு ஜோடி ஏஸ் ஆகிவிட்டது. வைத்ததில் தப்பே இல்லை என்று இன்றைக்கும் சொல்வாள். ஓர் அடி டேபிளில் இப்படி எத்தனையோ தடவை தோற்றிருக்கிறாள், சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவாள். இங்கே ஐந்தடி ஒரே நொடியில் இறங்கியதும் நிதானம் போய்விட்டது. நல்ல சீட்டை மடக்கினாள், ஒன்றுமில்லாத சீட்டோடு கடைசிவரை போனாள். பத்து நாளில் முப்பத்தொரு அடிக்கு வந்துவிட்டது.

"மேட்டூரை விடக் கீழ போயிட்டியே!" என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். நான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் காலையில் முகம் கழுவிக்கொண்டு வந்து அவளே சொன்னாள். "திரும்ப ஓரடி டேபிள்தாங்க. முறை வச்சு ஆடப் போறேன். அஞ்சு நாள் ஆட்டம், அஞ்சு நாள் கிடையாது." தண்ணீர் குறைவான வருஷத்தில் வாய்க்காலில் அப்படித்தான் விடுவார்கள்.

ஜூலை கடைசியில் கர்நாடகத்தில் மழை கொட்டி மேட்டூர் மளமளவென்று நிறைந்துவிட்டது. இவள் அணைக்கு அப்படி வெள்ளம் எதுவும் வரவில்லை. புரட்டாசியில் சம்பா நடவு வந்தபோது நாற்பது அடியில் நின்றது. இருபதாயிரம் ரூபாய். நான் ஒரு யோசனை சொன்னேன்.

"அந்த இருபதை எடுத்துடு. மிச்சத்துக்குத் தோட்டை மட்டும் வச்சுக்கலாம். ஜிமிக்கியாவது தப்பிக்கும்."

"எடுத்துட்டா அணை காலி. அடுத்த வருஷமும் குச்சிதான், அதுக்கடுத்த வருஷமும் குச்சிதான்."

"உனக்கு ஜிமிக்கியை விட அந்த ஆப் பெருசாப் போச்சா?"

அவள் எழுந்து போனாள். கண்ணாடி முன்னால் நின்று ஜிமிக்கியைக் கழற்றினாள், தோட்டைக் கழற்றினாள், எப்போதும் வைக்கிற சிவப்பு டப்பியில் போட்டு என் கையில் கொடுத்தாள். கொல்லைக்குப் போய் வேப்பங்குச்சி ஒடித்துக்கொண்டு வந்தாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வயலிலிருந்து வரும்போது தெருவில் அவளைப் பார்த்தேன். காதில் குச்சியோடு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எதற்காக அந்த நாற்பது அடியைக் காப்பாற்றுகிறாள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. தோடு போகக் கூடாது என்பதற்காக என்னால் ஒரு வருஷம் தோடில்லாமல் இருக்க முடியுமா? என்னால் முடியாது. நான் பசி வந்தால் அப்போதே சாப்பிடுகிற ஆள்.

அந்தத் தீபாவளியும் பொங்கலும் குச்சியோடு போயின. மாசியில் நகை திரும்பி வந்தது. அணை ஐம்பது, அறுபது என்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் நான்கு அடி ஏறும், மறுவாரம் மூன்று அடி இறங்கும். இறங்குகிற வாரத்தில் எனக்குத்தான் தூக்கம் வராது. அவள் குறட்டையே விடுவாள்.

2025 ஜூன் பன்னிரண்டுக்கு மேட்டூர் நிறைய இருந்தது, சொன்ன தேதியில் திறந்தார்கள். இவள் அணையில் தொண்ணூற்று நான்கு அடி. அன்றைக்கு முறைப்படி இரண்டு அடி டேபிளுக்குப் போனாள். போவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு மட்டத்தைக் காட்டினாள். "பார்த்துக்குங்க, தேதிக்காகத் திறக்கலை. தண்ணி இருக்கு, திறக்கறேன்."

ஆவணியில் நாற்றங்கால் விட்டோம். மட்டம் நூற்றிப் பதினெட்டு. இன்னும் இரண்டே அடி. நான் ஒவ்வொரு மதியமும் ஏதாவது சாக்கு வைத்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அந்த வாரம்தான் சட்டம் வந்தது. காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவும் நாட்டில் கூடாது என்று டெல்லியில் நிறைவேற்றிவிட்டார்கள். ஆப்பைத் திறந்தால் டேபிளே இல்லை. உங்கள் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி மட்டும் இருந்தது.  ஐம்பத்தொன்பதாயிரம் ரூபாய் ஒரு செல்போனுக்குள் இருக்கிறது, அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. கொடுக்க மாட்டேன் என்றால் யார் சட்டையைப் பிடிப்பது?

செம்மொழி பணத்தைப் பேங்குக்கு மாற்றச் சொல்லிப் பட்டனை அழுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் இனியவன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வெளிநாட்டு சைட் இருக்கு. ஏஜென்ட் மூலமாப் பணம் போடலாம். நீ நல்லா ஆடற, விட்டுடாத."

"கரையில்லாத ஏரியில தண்ணி தேக்கச் சொல்றியா? வேணான்டா. சட்டம் வந்துடுச்சு, முடிஞ்சுது."

"ரெண்டு அடிதானேக்கா பாக்கி?"

"இப்படி அவசரப்பட்டுத்தான் போன வருஷம் நாப்பது அடியை விட்டேன். போனை வை."

பணம் அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நான் அவள் செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில் சார்ஜ் இறங்கியதுதான் மிச்சம். "வந்தா மணி அடிக்கும்ங்க, நீங்க போய் மாட்டைப் பாருங்க" என்று விரட்டினாள். மூன்றாம் நாள், நான் கொல்லையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "சேரன்!" என்று. பன்னிரண்டு வருஷத்தில் அவள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான். ஓடினேன். வந்துவிட்டது.

அன்று தேங்காய் விற்ற பணத்தில் ஆயிரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"குடத்துல ஊத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"ஆட்டம்தான் முடிஞ்சிடுச்சே. இந்த ரெண்டு அடி என் பங்கு."

நோட்டை எண்ணிப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. "அறுவடைப் பணம் வந்ததும் முதல்ல நூத்தியிருபது அடியைத் தனிக் கணக்குல போட்டுடணும். அதுக்கப்புறம்தான் உங்க செகண்ட் ஹேண்ட் பைக்கு" என்றாள். அந்தப் பைக்கைப் பற்றி நான் அவளிடம் வாயே திறந்ததில்லை. எப்படித் தெரிந்ததோ.

புரட்டாசியில் நடவு. வாய்க்காலில் எங்கள் மடை வரைக்கும் தண்ணீர் வந்திருந்தது. நடவுக் கூட்டத்தின் தலைவி மலர்க்கொடி, எங்கள் தெருக்காரி, வாய் ஓயாதவள். செம்மொழி அன்று லீவு போட்டுவிட்டு வயலுக்கு வந்தாள். பழைய சேலை, மேலே என்னுடைய சட்டை, காதில் தோடும் ஜிமிக்கியும்.

"யாரு இது, கல்யாணப் பொண்ணா?" என்றாள் மலர்க்கொடி. "குச்சி எங்கடி?"

"மரத்துலயே இருக்கு" என்றாள் செம்மொழி.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிலர் கை தன்னையறியாமல் அவரவர் காதுக்குப் போனது. செம்மொழி சேற்றில் இறங்கி முதல் நாற்று முடியைப் பிரித்து நட்டாள். குனிந்தபோது ஜிமிக்கி ஆடியது. நான் வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

நாலு வரிசை போயிருக்கும். செம்மொழி சட்டென்று நிமிர்ந்து வலது காதைத் தடவினாள்.

"ஐயோ, ஜிமிக்கி!"

ஜிமிக்கியோடு நடவு நட்டு எங்கள் தெருவில் யாருக்குப் பழக்கம்? சேற்றில் குனிந்து நிமிர்கிறவள் திருகாணியை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தர ஒரு ஆள் கிடையாது. அந்த நாளில் அது எப்போதும் பேங்கில் அல்லவா இருக்கும்! நான் வேட்டியோடு வயலில் குதித்தேன். "எவளும் காலை எடுக்காதீங்கடி!" என்று மலர்க்கொடி கத்தினாள். அத்தனை பெண்களும் நட்டதை விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே குனிந்து சேற்றைத் துழாவினார்கள். எனக்கு உயிரே இல்லை. இரண்டு வருஷம் மடக்கி மடக்கிச் சேர்த்தது இப்படிச் சேற்றிலா போக வேண்டும்?

கடைசியில் மலர்க்கொடியின் கால்விரலில்தான் தட்டுப்பட்டது. சேறும் சகதியுமாக எடுத்து நீட்டினாள்.

"கழட்டி என்கிட்ட குடு செம்மொழி, சட்டைப் பையில பத்திரமா வச்சுக்கறேன்" என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் ஜிமிக்கியை வாய்க்கால் தண்ணீரில் அலசினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அடக்க முடியவில்லை. "பத்திரமா இருக்கணும்னா பேங்க்லயே இருந்திருக்குமே!" என்றாள். காதில் மாட்டி, மலர்க்கொடியை விட்டுத் திருகாணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கச் சொன்னாள். பிறகு விட்ட இடத்தில் குனிந்து, அடுத்த முடியைப் பிரித்தாள்.